1017 ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அடித்தளத்துச் சர்வர் அறையில் உட்கார்ந்து அவன் தன் ஊழியர் எண் 1017-ஐத் தட்டிச் சர்வருக்குள் நுழைந்தபோது, 1017 ஏற்கெனவே உள்ளே இருப்பதாகத் திரை சொன்னது. மூன்று வருடங்களுக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை நுழைந்தவர், இன்னும் வெளியேறவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்தே நான்கு மாதம்தான் ஆகிறது.

அணைக்காமலே ஓடும் பழைய இயந்திரம், எதையாவது பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் என்று அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

வேறு கவலை இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அறையின் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, நிறுவனத் தலைவரை வெட்டவைக்கப்போகிறார் மேலாளர். பதினொரு வருடத்துச் சர்வரில் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதற்குப் பேனர் அடித்த முதல் நிறுவனம் இதுவாகத்தான் இருக்கும். ‘எதிர்காலம் இங்கே தொடங்குகிறது’ என்ற அந்தப் பேனரில் மேலாளரின் முகம் சர்வரைவிடப் பெரிது. ரிப்பன் அறுந்தால் அவனுடைய பணி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து. இல்லையென்றால் மாமனாரின் பெயின்ட் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

இவ்வளவு பழைய இயந்திரத்துக்குத் தயார்நிலையில் எதுவும் கிடைக்காது. மூல நிரலை இறக்கிக் கொடுத்து, தனக்கான இயங்குதளத்தை அதையே கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஐந்து மணி நேர வேலை. நாற்பதாவது நிமிடத்தில் சர்வர் விழுந்து, தானே எழுந்தது. மறுபடி தொடங்கினான். இப்போது விழுந்தது வேறொரு கோப்பில். இடம் மாறி மாறி விழுந்தால் கோளாறு நிரலில் இல்லை, மெமரியில்தான். மெமரிப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான். குளிரூட்டியின் காற்று பிடரியில் விழுந்துகொண்டே இருந்தது. விரல் நுனிகள் மரத்திருந்தன. தூசி கருகும் வாசனைக்கு அடியில், யாரோ பக்கத்தில் வாயில் அடக்கியிருப்பதுபோல, மெல்லிய புதினா மிட்டாய் வாசனை.

ஒரு மணிக்குக் காவலாளி டீயோடு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று நீட்டினார்.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் சார், இடத்த விட்டு எழுந்திரிக்கவே மாட்டார். வாயில எப்பவும் ஒரு புதினா மிட்டாய். ரெண்டே விரல்ல டொக்கு டொக்குனு தட்டுவார்.”

“இப்ப எங்க அண்ணே இருக்கார்?”

“வியாழக்கிழம உக்காந்தார். திங்கக்கிழமதான் தொட்டுப் பார்த்தோம்.”

இங்கே வருகைப் பதிவு சர்வருக்குள் நுழைவதை வைத்துத்தான். அதனால் வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் முழு நேரம் ஆஜர். ஞாயிற்றுக்கிழமைக்கு மிகைநேரமும் ஏறியதாம். அந்த வாரத்தின் சிறந்த ஊழியர் என்று மேலாளர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாராம். காவலாளி சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் மேலாளரைக் கைபேசியில் கூப்பிட்டு, தன் எண் முன்பு யாருடையது என்று கேட்டான்.

“புது நம்பர்னா தலைமை அலுவலகத்துல மூணு கையெழுத்து வேணும் தம்பி. அது நல்லா இருக்கிற நம்பர்தானே? அப்படியே குடுத்துட்டோம்.” பிறகு, கத்திரிக்கோல் தங்க நிறமா வெள்ளி நிறமா எது எடுப்பாக இருக்கும் என்று கேட்டார்.

மூன்றாவது முறை விழுந்தது. சர்வர் விழுந்து எழுந்தால், உள்ளே இருப்பவர்களின் பட்டியல் துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும். அவன் மறுபடி நுழைந்து பார்த்தபோது அந்த வியாழக்கிழமை நுழைவு அப்படியே இருந்தது. அதன் பெயரில் பெயரில்லாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மெமரியை மெதுவாக நிரப்பியது. விட்டது. நிரப்பியது. மூச்சு மாதிரி. அது நிரம்பும்போதுதான் எல்லாம் விழுகிறது.

வழி எளிது. 1017-இன் பெயரில் ஓடும் அனைத்தையும் நிறுத்த ஒரே ஒரு கட்டளை. தானும் வெளியே தள்ளப்படுவான். பரவாயில்லை, திரும்ப நுழைந்துகொள்ளலாம். இயங்குதளத்தைக் கட்டும் வேலை ஓடுவது நிர்வாகிக் கணக்கில், கட்டளை அதைத் தொடாது. திரையில் நிர்வாகிக் கணக்கின் ஜன்னலில் வேலையை நான்காம் முறையாகத் தொடங்கினான். கட்டளையைத் தட்டினான்.

என்டர்.

விசிறிகள் ஒரு கணம் நின்றன. அந்த அமைதியில் ஒரு மூச்சு. அவனுடையது இல்லை.

விசிறிகள் சுற்றின. வரிகள் ஓடின. நாற்பதாவது நிமிடம் வந்தது. தாண்டியது. விழவில்லை.

சந்தோஷப்படலாம் என்று நினைத்தான். வரவில்லை.

பட்டியலில் ஒரே ஒரு வரி மிச்சம். வியாழக்கிழமை. இன்று வந்த 1017 இல்லை.

மறுபடி நுழையக் கையைத் தூக்கினான். கை விசைப்பலகை மேலேயே இருந்தது. வலி இல்லை. பயம் வர வேண்டிய இடத்திலும் ஒன்றுமில்லை.

அப்படியே சாயங்காலம் ஆனது. பிறகு காலை.

கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு ரிப்பன், பேனர், முகங்கள். தங்க நிறக் கத்திரிக்கோல். கைத்தட்டல்.

“நேத்து உக்காந்தவர் சார், இன்னும் எழுந்திரிக்கல,” என்று பெருமையாகக் காட்டினார் மேலாளர். உள்ளே வந்து பணி உறுதிக் கடிதத்தை அவன் முழங்கைக்கு அருகில் வைத்தார். தோளைத் தட்டினார். தட்டிய கையை உடனே எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தலைவர் புகைப்படத்துக்கு நின்றார்.

கூட்டத்தின் பின்னால் இருந்த காவலாளி மட்டும் அவன் கைகளையே பார்த்தார். பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார்.

அவன் வாய்க்குள் புதினா கரைந்துகொண்டிருந்தது. அவன் எதையும் வாயில் போடவில்லை.

எட்டு விரல்கள் மடங்கின. இரண்டு மட்டும் நீண்டு நின்றன. அவன் நீட்டவில்லை.

டொக்.

டொக்.