சிவானந்தனின் நாதஸ்வரத் தட்டு

கொட்டாஞ்சேனை வீட்டை விற்றபோது அங்கிருந்து வெள்ளவத்தை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது ஓர் அலுமாரி மட்டும்தான். உள்ளே முழுக்க இசைத்தட்டுகள், மேலே பழைய ரெக்கோட் பிளேயர். கூலியாட்கள் அதைப் படியால் தூக்கிவந்தபோது நேசமலர் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார். செத்த புருஷனின் சாமானைக் கண்டு மாமிக்கு நெஞ்சடைத்துவிட்டது என்று மருமகள் நிருஷா நினைத்தாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமா சிவானந்தனின் ஆண்டுத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பாவின் தட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்ப வேண்டுமென்று லண்டனிலிருந்து மகள் சாருஜா சொல்லிவிட்டாள். லண்டனில் இருந்துகொண்டு சொல்வது சுகம். தட்டைத் துடைத்து, ஊசியை வைத்து, அது ஓடி முடியும்வரை காவல் இருப்பது நிருஷாவின் தலையில் விழுந்தது. வீட்டில் சத்தம் வேண்டாமென்று அவள் ஹெட்போனில்தான் கேட்டாள்.

அந்த நாதஸ்வரத் தட்டு வரும்வரை ஒரு குறையும் இல்லை.

சின்ன வயதில் மிருதங்கம் படித்தவள் நிருஷா. தவில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, தாளத்தோடு சேராமல் இன்னோர் அடி விழுவது அவளுக்கு உடனே பிடிபட்டது. தடித்த, மந்தமான அடி. அது விழுகிற இடத்திலெல்லாம் ஊசி துள்ளியது. அங்கெல்லாம் தட்டில் கீறல். கீறலின் இரைச்சலை அழிக்கும் மென்பொருளில் போட்டாள். இரைச்சல் போய்விட்டது. அடி போகவில்லை, முன்னதைவிடத் துலக்கமாகக் கேட்டது.

"மாமி, இந்த ரெக்கோட் ஏன் இப்பிடிக் கீறுப்பட்டிருக்கு?"

நேசமலர் வலக்காதைத் திருப்பினார். இடக்காது அவருக்குக் கேட்காது. காய்ச்சலில் போனதென்று சொல்லுவார்.

"அலுமாரியில ஆரும் மோதினா ஊசி துள்ளும், பிள்ளை. அதை விடு. மற்றதுகளை அனுப்பு."

விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு உயிரே அந்தத் தட்டுத்தான் என்று புருஷன் சாரங்கன் சொல்லியிருந்தான். நிருஷா அதையும் சாருஜாவுக்கு அனுப்பிவிட்டாள்.

திவசம் சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே கடல் பக்கமாக மழை. காரியம் முடிந்ததும் சாரங்கன் ஐயரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பெண்கள் இருவரும் மாமாவின் படத்துக்கு முன்னால் படையல் வைத்தார்கள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம், ஒரு சுருட்டு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துத்தானே கூப்பிடுவது? ஒன்று குறைகிறதென்று நிருஷாவுக்குப் பட்டது. மாமிக்கும் ஆறுதலாக இருக்கட்டுமென்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்தத் தட்டை ஸ்பீக்கரில் போட்டாள்.

நாதஸ்வரம் வீட்டை நிறைத்தது.

தண்ணி எடுக்கக் குசினிக்குப் போன மாமியின் செம்பு விழுந்து உருண்டது.

"நிப்பாட்டு!" நேசமலர் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "நிப்பாட்டு பிள்ளை! அந்தாளைக் கூப்பிடாதை!"

"என்ன மாமி சொல்லுறியள்?"

"பிள்ளையள் ரியூஷன் வகுப்புக்குப் போனவுடன உன்ர மாமா இதைத்தான் போடும். சத்தத்தைக் கூட்டிப்போட்டுத்தான் எனக்கு அடிக்கும். அயலுக்கு மேளம் மட்டும்தான் கேக்கும். கரண்ட் போனால்தான் நான் தப்புவன்."

நிருஷா பிளேயரிடம் ஓடினாள். அவள் கையை நீட்டுமுன் வொலியூம் குமிழ் தானாகத் திரும்பியது.

முழுதாக.

சுருட்டு மணத்தது. படையலில் வைத்த சுருட்டை யாரும் பற்றவைத்திருக்கவில்லை.

கன்னத்தில் விழுந்த அறையில் நேசமலரின் தலை திரும்பியது. கொண்டை அவிழ்ந்து முடி மேலே இழுபட்டு நின்றது. ஆளில்லை, பிடி மட்டும் இருந்தது. அந்தப் பிடி அவரை அப்படியே இழுத்துப்போய் அலுமாரியில் மோதியது. கண்ணாடி உடைந்தது. நெற்றி பிளந்து இரத்தம் கண்ணில் வழிந்தது.

ஊசி துள்ளியது.

பழைய கீறலிலேயே துள்ளியது. ஒவ்வோர் அடியும் எங்கே விழுமென்று நிருஷாவுக்கு மனப்பாடம். தட்டின் கடைசியில் தவில் தனியாக வாசிக்கும். அங்கே அந்த அடிகள் இடைவெளியே இல்லாமல் விழுந்ததை அவள் கேட்டிருக்கிறாள். அப்போது மாமி இளம் பெண். இப்போது அந்த உடம்பு தாங்காது. செத்துப்போவார்.

அவள் பிளேயரில் பாய்ந்தாள். எதுவோ அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது. எலும்பு முறிந்தது. அவள் வீரிட்டாள், தவில் அதை விழுங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் திவசத்துக்கு மேளக் கச்சேரி வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நாதஸ்வரம் ஓய்ந்தது. தவில் தனியாகத் தொடங்கியது.

கரண்ட்!

நிருஷா தரையோடு தரையாக ஊர்ந்து வாசல்வரை போனாள். எழும்பி, இடக்கையால் மெயின் சுவிட்சைக் கீழே அடித்தாள்.

தவில் இழுபட்டு, உறுமி, நின்றது.

நேசமலரின் முடி அந்தரத்தில் அப்படியே நின்றது. வீட்டில் மழைச் சத்தம் மட்டும். இனி ஒரு முனகல் எழுந்தாலும் அயலுக்குக் கேட்கும்.

முடி மெல்லத் தளர்ந்து தோளில் விழுந்தது.

நிருஷா தட்டைக் கழற்றித் தரையில் போட்டு மிதித்து நொறுக்கினாள். பிறகு மாமியை மடியில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

"முடிஞ்சுது மாமி. இனி வராது."

நேசமலர் பிளந்த உதட்டை அசைத்தார்.

"இதை நீ சாருவுக்கு அனுப்பினனியே?"

போன் அடித்தது. லண்டன்.

"அண்ணி, நானும் இஞ்ச படையல் வச்சிட்டன். அப்பாட நாதஸ்வரம்தான் போட்டிருக்கிறன். என்ன கிளியர்! கேளுங்கோ."

"நிப்பாட்டு சாரு! இப்பவே நிப்பாட்டு!"

"என்ன? கேக்கேல்ல அண்ணி. ஆரோ சத்தத்தைக் கூட்டுகினம்."

போனில் நாதஸ்வரம் இன்னும் உரத்தது. சாருஜாவின் குரல் சிறுத்துப் போயிருந்தது.

"பிள்ளையள் ரியூஷன் வகுப்புக்குப் போயிட்டுதுகள். வீட்டில நான் மட்டும்தானே."

போனில் ஓடிய இசையில் நிருஷாவுக்கு அந்த இடம் தெரியும். முதல் அடி விழ இன்னும் ஒரு மூச்சு இருந்தது.