முன்னால் மிதிப்பவர்

வலது முழங்கால் தயங்கவில்லை.

அர்மெல் முதலில் கவனித்தது அதைத்தான். கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் முன்னால் இருப்பவர் காலும் பின்னால் இருப்பவர் காலும் சங்கிலியால் பிணைக்கப்பட்டவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் கால் சுற்றியே தீரும். முன்சீட்டில் உட்காரும் ரெஜிஸுக்கு வலது முழங்காலில் பழைய அடி. மிதி உச்சிக்கு வரும் கணத்தில் அந்தக் கால் ஒரு இமைப்பொழுது தயங்கும், பிறகுதான் இறங்கும். அந்தத் தயக்கம் சங்கிலி வழியாக வந்து அர்மெலின் உள்ளங்காலில் மெல்லத் தட்டும். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவளுக்குச் சொந்த மூச்சைப் போலப் பழகிவிட்டது. இப்போது அது இல்லை. மிதிகள் புதிதாக எண்ணெய் போட்ட இயந்திரம் மாதிரி வழுவழுவென்று சுற்றின.

ஓய்வெடுத்ததில் சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பிசியோதெரபிஸ்ட். அந்த முழங்காலைத் தன் கையாலேயே எத்தனையோ தடவை நீவிவிட்டவள். சில நிமிட ஓய்வில் சரியாகிற முழங்கால் இல்லை அது.

அர்மெலுக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. ரெஜிஸ் ஓய்வுபெற்ற தபால்காரர். அந்தப் பகுதியில் விரிந்து கிடக்கும் மில்வாஷ் மேட்டு நிலத்தின் ஒற்றையடிச் சாலைகள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் வண்டியில் கடிதம் கொண்டுபோனவர். இப்போது அதே சாலைகளைக் கோத்து ஞாயிறுதோறும் புதிய பாதை ஒன்று போட்டுக்கொண்டு வருவார். ஓட்டும்போது வாய் ஓயாது. ஓயவும் கூடாது. "இடது. பள்ளம். கியர் மாத்தறேன். இறக்கம் வருது, கெட்டியா பிடிங்க. வலப்பக்கம் மூணு மாடு, அதுல ஒண்ணு நம்ம மேயர் மாதிரியே இருக்கு." அந்தப் பேச்சுதான் அவளுக்குச் சாலை.

இப்போது முன்சீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

"கேப்டன், முழங்கால் சொன்ன பேச்சைக் கேக்குது போலிருக்கே" என்றாள்.

காற்று மட்டும் காதோரம் போனது.

கோபம்தான் என்று முடிவு செய்தாள். கோபப்பட ஒரு காரணமும் இருந்தது. மதியம் ஒரு பண்ணை மதிலோரம் ரொட்டியும் பூண்டு மணக்கும் சாசேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏதோ வாங்க நீட்டிய அவர் மணிக்கட்டில் அவள் விரல் பட்டது. பட்ட விரலை அவள் எடுக்கவில்லை.

"உங்க நாடி நடுநடுவுல தாவுது, ரெஜிஸ். டாக்டரைப் பாருங்க."

"முப்பத்தேழு வருஷம் தபால் போட்டவன் நான். என்னைக் கடிச்ச நாயெல்லாம் செத்துப் போச்சு. நான் இருக்கேன்."

"நான் விளையாடல."

"பின்சீட்டுல உக்காந்து குறை சொல்றது சுலபம், டாக்டரம்மா. இன்னும் ரெண்டு மேடு பாக்கி. வாயில இருக்கற பலத்தைக் காலுல காட்டுங்க."

சிரித்துத்தான் சொன்னார். ஆனால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதன்பிறகு பேச்சில் ஒரு இறுக்கம் வந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில், "தண்ணி பிடிச்சுட்டு வரேன்" என்று இரண்டு புட்டிகளையும் உருவிக்கொண்டு போனார். இந்தப் பக்கத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. பூச்செடிக்கு ஊற்ற வைத்திருக்கும் கல்லறைக் குழாய்தான் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் தண்ணீர்ப் பந்தல். இரும்பு கேட் கிறீச்சிட்டது. சரளைக்கல்லில் காலடி தேய்ந்து போனது. தூரத்தில் குழாய் திறக்கும் ஓசை. அர்மெல் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலுக்கு முகம் காட்டி நின்றாள். எங்கோ ஒரு குயில் கூவிக்கொண்டிருந்தது, சட்டென்று நிறுத்திக்கொண்டது. அப்புறம் சைக்கிள் முன்பக்கம் பாரம் இறங்கியதை உணர்ந்தாள். "அதுக்குள்ள வந்தாச்சா?" என்று கேட்டபடியே தன் சீட்டில் ஏறி, அடியில் கொக்கி வைத்த காலணிகள் இரண்டையும் மிதியில் பூட்டிக்கொண்டாள். கிளம்பினார்கள்.

கேட் இரண்டாவது தடவை கிறீச்சிட்டதா?

யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லிக்கொண்டது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. ஓசைகளை அவள் மறப்பதில்லை.

நாக்கு வறண்டது. குனிந்து சட்டத்தில் புட்டி செருகும் கூட்டைத் துழாவினாள். கூடு காலி. மற்றொன்றைத் துழாவினாள். அதுவும் காலி.

"ரெஜிஸ், தண்ணி எங்க?"

சாலை வளைந்தது. வளைவு வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. சைக்கிள் திடீரென்று சாய, அவள் உடம்பு ஒரு நொடி பின்தங்கிச் சாய்ந்தது. நிமிர்ந்தபோது வெயில் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு வந்திருந்தது. மாலை நான்கு மணி. வீட்டுக்குப் போகிற வழியென்றால் வெயில் கடைசிவரை இடது கன்னத்தில்தான் இருக்க வேண்டும்.

மணத்தை வைத்து ஆளைத் தேடினாள். ரெஜிஸ் முழங்காலுக்குத் தடவும் கற்பூரத் தைலம் மைல் கணக்கில் அவள் மூக்கில் ஏறிக்கொண்டே வரும். காலையில் அவள் அதைக் கேலி செய்துமிருந்தாள். இப்போது தைலமில்லை, வியர்வையில்லை, பூண்டில்லை. வேறு ஏதோ ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் அடிக்கும் மணம். ஊறிய சுண்ணாம்பும் பாசியும் கலந்தது, அதற்கும் அடியில் பெயர் சொல்லத் தெரியாத ஒரு இனிப்பு. சாலையோரத்துப் பாழ்வீடு எதையாவது தாண்டியிருப்போம் என்று காத்திருந்தாள். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. மணமும் கூடவே வந்தது.

ஏற்றம் தொடங்கியது. நீளமான, செங்குத்தான ஏற்றம். கியர் மாறவில்லை. இந்த மாதிரி மேட்டில் ரெஜிஸ் மூச்சு துருத்தி மாதிரி இரையும், நடுவில் மேட்டைப் போட்டவனையும் திட்டுவார். அர்மெல் தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். டயர் தாரில் உரசும் ஓசை. சங்கிலி. தன் இதயம். முன்னால் மூச்சு இல்லை.

சோதித்துப் பார்க்கத் தன் கால்களைத் தளர்த்தினாள். மிதிப்பதை முழுவதும் நிறுத்தினாள். வேகம் கொஞ்சமும் குறையவில்லை. மிதிகள் அவள் கால்களைத் தூக்கின, இறக்கின, தூக்கின.

அப்போது அவள் முதுகுப் பையிலிருந்து கைப்பேசி ஒலித்தது. கூப்பிடுபவரின் பெயரைப் படித்துச் சொல்லும் பெண்குரல், பதற்றமே இல்லாமல், இரண்டு தடவை சொன்னது.

"ரெஜிஸ். ரெஜிஸ்."

எடுத்துக் காதில் வைத்தாள்.

"அர்மெல்! எங்க போயிட்டீங்க நீங்க?" அவருடைய குரல்தான். அவருடைய இரைப்புதான். "வாசல்ல நிக்கறேன், ரெண்டு புட்டியும் கையில இருக்கு. சைக்கிளைக் காணோம், உங்களைக் காணோம்! நான் தபால் கொடுத்துட்டிருந்த ஒருத்தர் கல்லறையில கொஞ்ச நேரம் நின்னுட்டேன், அதுக்குள்ள... யாரு கூட்டிட்டுப் போனது?"

பேசினால் முன்னால் கேட்கும்.

"அர்மெல்? நீங்க தனியா அதை ஓட்ட முடியாது. முன்னால யாரு உக்காந்திருக்கா?"

"தெரியல" என்றாள் உதட்டுக்குள்.

மறுமுனையில் அவர், முகவரி பார்த்துக் கடிதம் பிரிக்கிறவர் மாதிரி நிதானமாக, "எந்தப் பக்கம் போறீங்க? என்ன மணம் வருது, சொல்லுங்க" என்றார்.

"மேடு. ரொம்ப நேரமா மேடு. இப்ப அறுத்த மரம், பிசின் வாடை... இடது பக்கம்."

"மர ஆலை." அவர் குரல் மாறிவிட்டது. "அர்மெல், இறங்குங்க. இப்பவே இறங்குங்க. அதுக்கு மேல ஊர் இல்ல. அணை கட்டினப்ப முழுகின ஊருக்குப் போற பழைய ரோடு அது. நேரா ஏரிக்குள்ள இறங்குது. தடுப்புகூடக் கிடையாது. காதுல விழுதா? அடிபட்டாலும் பரவாயில்ல, குதிச்சி..."

மேட்டில் வேகம் குறைவு. குதிக்கலாம். வலது குதிகாலை வெளிப்புறம் திருகினாள். காலணி மிதியிலிருந்து கழன்றது. இடது குதிகாலைத் திருகினாள். கழலவில்லை. மறுபடி திருகினாள். கணுக்கால் வலித்ததே தவிர அது அசையவில்லை. கைப்பேசி வேர்த்த விரல்களிலிருந்து நழுவித் தாரில் மோதியது. ரெஜிஸின் குரல் தரையில் கிடந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பின்னால் போனது. மங்கியது. இல்லை.

"யாரு நீங்க?" என்று கத்தினாள். "நிறுத்துங்க! ஐயா, நிறுத்துங்க, நான் இறங்கணும்!"

மேடு முடிந்தது.

சைக்கிள் முனகிக்கொண்டு முன்பக்கம் சரிந்தது. பிறகு இறக்கம். இறக்கம் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. காற்று காதில் அறைந்தது. பூட்டில்லாத வலது காலைச் சுழலும் மிதி கணைக்கால் எலும்பில் அடித்தது, மறுபடி அடித்தது. தார் முடிந்தது, டயருக்கடியில் புல் சரசரத்தது, கல் தெறித்தது. ஏரியின் ஈர வாடை முகத்தில் குளிர்ந்தது. கன்னத்திலிருந்த வெயில் போய்விட்டது. மரங்கள் மேலே மூடியிருக்க வேண்டும்.

பிரேக். இரண்டு பிரேக்கும் முன்கைப்பிடியில்தான் இருக்கின்றன. பின்னால் எதுவும் கிடையாது.

எட்டித் தாவினால் கைக்கு எட்டும். முன்னால் இருப்பதை அணைத்துக்கொண்டு, அதன் தோளைத் தாண்டிக் கை போட்டால், எட்டும்.

அழுதுகொண்டே இடது கையால் தன் கைப்பிடியை இறுக்கினாள். வலது கையை நீட்டினாள்.

துணி. நனைந்த துணி. அதற்கடியில் முதுகு, கல் மாதிரி குளிர்ந்து. இருபது வருடம் முதுகுகளைத் தொட்டே பிழைத்த கை. பயத்திலும் அது தன் வேலையைச் செய்தது. தோள்பட்டை எலும்பு, இடது. தோள்பட்டை எலும்பு, வலது. நடுவில் முதுகெலும்பு. மனித முதுகுதான். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதுகு. அதைப் பற்றுக்கோடாகப் பிடித்துக் கையை மேலே கொண்டுபோனாள். தோளைத் தேடி. கழுத்தை நோக்கி.

பிடரியில் கடைசி முள்ளெலும்பு புடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

தொண்டைக்குழி.

கை நிற்கவில்லை. நிறுத்த அவளுக்குத் தெம்பில்லை. தொண்டைக்குழிக்கு மேலே குரல்வளை. அது எச்சில் விழுங்கி ஏறி இறங்கியது. அதற்கு மேலே மோவாய். மேலே உதடு, பற்கள் தெரியும்படி விரிந்த உதடு. மூக்கு. முன்பக்கம் பார்த்த உடம்பின் மேல், அவளையே பார்த்துக்கொண்டு ஒரு முகம், ஒரு சாண் தூரத்தில்.

தண்ணீர் சக்கரத்தில் சீறியது. காலணிக்குள் குளிர் ஏறியது. மிதிகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

அவள் விரல் நுனியில் இமைமயிர் உரசியது. ஒரு தடவை மூடியது. திறந்தது.

பிறகு மூடவே இல்லை.