பழைய ஆயில்

ஓடிவந்து நின்ற இன்ஜின் ஆறும்போது டிக், டிக்கென்று ஒரு சத்தம் வரும். பத்தூல் அதைத் தன் கல்யாண வாழ்க்கை முழுக்கக் கேட்டிருந்தாள். ஹம்தான் லாரியை வாசலில் நிறுத்தி, இறங்கி, வலது குதிகாலை இழுத்து இழுத்துச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வருவதற்குள் அவளுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். அதற்குள் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட வேண்டும், அடுப்பில் இருப்பதை இறக்க வேண்டும், தன் முகத்தையும் அவனுக்குக் கோபம் வராத மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது அதே சத்தம் முற்றத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஹம்தான் செத்து, விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலத்தில் பாதி கழிந்துவிட்டது. நஹூத் சாலையில் வறண்ட ஓடைக்குள் உருண்ட அவனுடைய லாரியை அன்று காலையில்தான் கயிறு கட்டி இழுத்து வந்து போட்டிருந்தார்கள். கேபின் ஆள் உட்கார இடமில்லாதபடி நசுங்கியிருந்தது. அவன் போனபிறகு அந்த இன்ஜினை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஆறிக்கொண்டிருந்தது.

"வெயில்ல கிடக்கிற இரும்பு, மதினி. அப்படித்தான் முனகும்" என்றான் திஜானி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

அவன் ஹம்தானின் தம்பி. இத்தாவில் இருப்பவள் முகத்தை அவன் பார்க்கக் கூடாது. அதனால் கதவருகே வந்தாலே தொண்டையைச் செருமிவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டுதான் பேசுவான்.

"முற்றத்த நாசம் பண்றேன்னு திட்டாதீங்க. என் வீடு அவ்வளவு சின்னது, ஆட்ட உள்ள கட்டினா நான் தெருவுல நிக்கணும்."

"அப்ப ஆட்ட லாரி ஓட்டச் சொல்லுங்க" என்றாள் பத்தூல். சொன்னபிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவள் பேசுகிற பேச்சா இது? வெளியே அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் ஆம்பிளைச் சிரிப்புக்கு அவள் பயப்படாமல் இருந்தது அப்போதுதான் முதல்முறை.

திஜானியின் லாரியும் அதே கம்பெனி, அதே மாடல். அதன் இன்ஜின் இறுகிப் போய்விட்டது. அண்ணன் லாரியின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றித் தன் வண்டியில் மாட்டுவதென்று முடிவாகியிருந்தது. இத்தா முடிந்ததும் பத்தூலை அவனே நிக்காஹ் செய்துகொள்வதென்றும் முடிவாகியிருந்தது. இரண்டையும் மாமியார்தான் முடிவு செய்தாள். இரண்டைப் பற்றியும் யாரும் பத்தூலிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலாவதற்கு அவள் வேண்டாம் என்றிருப்பாள். இரண்டாவதற்கு, கேட்பவர்களுக்கு அசிங்கமாகத் தோன்றாத அளவுக்குக் கொஞ்சம் தாமதித்து, தலையசைத்திருப்பாள். புருஷன் மையத்தை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் அழுதது பார்த்தவர்களுக்காக. உள்ளுக்குள், வெகுநாள் இறுக்கிக் கட்டியிருந்த ஒன்றை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல இருந்தது. அதை அவள் அல்லாஹ்விடம்கூடச் சொன்னதில்லை.

மெக்கானிக் அப்கர் வந்து மூன்று கம்புகளை நட்டு, உச்சியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் போட்டிருந்த துணியின் இடுக்கு வழியாகப் பத்தூல் பார்த்தாள். இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரியாமல் ஒன்றாகவே சங்கிலியில் மேலே எழுந்தன. கறுத்து, எண்ணெய் சொட்ட, குழாய்கள் தொங்க, உடம்பிலிருந்து பிடுங்கி எடுத்த ஏதோ ஒன்றைப்போல அது காற்றில் மெல்லச் சுழன்றது. சுழன்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது.

"உங்கண்ணன் இன்ஜினத்தான் பொண்டாட்டி மாதிரி வச்சிருந்தான்" என்றார் அப்கர்.

"பொண்டாட்டிய அப்படி வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான் திஜானி தணிந்த குரலில்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் எல்லாருக்குமே தெரிந்திருக்கும். பத்தூலுக்குக் கண் கரித்தது. சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே புரியவில்லை.

ஊரில் புது ஆயில் கிடைக்கவில்லை. "இருக்கிறதயே வடிகட்டி ஊத்திக்கலாம்" என்று அப்கர் சொல்லி, பழைய பருத்தித் துணி கேட்டு அனுப்பினார். மகள் ரபாப் வந்து கையை நீட்டினாள். பத்தூல் பெட்டியைத் திறந்தாள். ஹம்தானின் அங்கிகள் மடித்தபடி இருந்தன. செத்தவன் துணியை அடக்கம் முடிந்த கையோடு ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். அவள் கொடுக்கவில்லை. பாசத்தால் அல்ல. அந்த வியர்வை வாசனையைத் தொட மனசு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒன்றை உருவி எடுத்தாள். அவன் பண்டிகைக்குப் போடுவது. கிழித்தாள். கழுத்திலிருந்து கீழ்வரை, நேராக. சுகமாக இருந்தது.

கறுப்பு எண்ணெய் அந்த வெள்ளைத் துணி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குவதை அவள் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு இதுதான், என்று மனசுக்குள் சொன்னாள். அப்கர் கடைசியில் துணியை முறுக்கிப் பிழிந்தார். மிச்சமிருந்ததும் இன்ஜினுக்குள் போனது.

மறுநாள் இன்ஜினை, முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திய திஜானியின் லாரிக்குள் இறக்கினார்கள். அடியில் படுத்துக் கியர்பாக்ஸைப் பொருத்தியது திஜானிதான். பாட்டுப் பாடிக்கொண்டே உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது பாடவில்லை.

ரபாப் தேநீர்த் தம்ளரை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தாள். "சித்தப்பாக்குச் சீனி வேணாமாம்."

"அவருக்கு நாலு கரண்டி போட்டாத்தானடி எறங்கும்?"

"வேணாங்கிறாரு. என்னப் பாக்காம சொன்னாரு."

பத்தூல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சீனியில்லாமல் குடித்தவன் ஹம்தான் ஒருவன்தான். ஒரு மனிதனுக்கு ஒருநாள் சீனி பிடிக்காமல் போகலாம். உழைத்த அலுப்பு. வெயில். அவள் தனக்குள் காரணங்களை அடுக்கினாள். எதையாவது அடுக்கிச் சமாதானம் ஆவதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

அன்று நண்பகல் தொழுகைக்குப் பிறகு மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழுந்து நின்றது. மணல்காற்று. முதலில் வாசனைதான் வந்தது, ஈரமில்லாத மண்ணின் வாசனை, பிறகு கோழிகள் அடங்கின, பிறகு தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் பழுப்பாகி, சிவப்பாகி, கறுத்துக்கொண்டே போனது.

"மூடி வச்சிட்டுக் காலைல ஸ்டார்ட் பண்ணலாம்டா" என்றார் அப்கர்.

"இப்பவே."

"மண்ணு உள்ள போயிரும். பைத்தியமா ஒனக்கு?"

"இப்பவேன்னேன்ல."

அந்தக் குரலைக் கேட்டதும் அப்கர் ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டார். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியேறும் காலடிச் சத்தம் கேட்டது. அதட்டல் குரல் அது. திஜானிக்கு அதட்ட வராது. ஆடுகள்கூட அவன் பேச்சைக் கேட்காது.

இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

தரை அதிர்ந்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. பத்தூலின் கை தானாக ரபாபின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓடலாம் என்று தோன்றியது. எங்கே? இத்தாவில் இருப்பவள் வாசல் தாண்டினால் ஊர் என்ன சொல்லும்? அந்த நேரத்திலும் ஊரைத்தான் நினைத்தாள். அவளுக்கே கசந்தது.

இன்ஜின் அணைந்தது.

காற்று மட்டும்.

லாரிக் கதவு சாத்தும் சத்தம். காலடி. வலது குதிகாலை இழுத்து வைக்கும் காலடி.

அவன் செருமுவான். நிச்சயம் செருமுவான். சுவரைப் பார்த்து நிற்பான்.

யாரும் செருமவில்லை.

கதவு திறந்தது.

திஜானிதான். அவனுடைய மெலிந்த தோள். தாடியெல்லாம் மண். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்த்தான். எதற்கோ கணக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு நடந்து வந்து கட்டிலில், சுவரோரம், ஹம்தான் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தான்.

காலை நீட்டினான்.

"எதுக்குடி என் துணியக் கிழிச்ச?"

பத்தூல் எழுந்து நின்றாள். "திஜானி" என்றாள். "திஜானி, தம்பி..."

காலை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

ரபாப் மூலையிலிருந்து எழுந்தாள். யாரும் சொல்லாமலே செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். சிந்தாமல், இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு.

"இந்தாங்க பாபா." அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

காற்று ஜன்னல் துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. முற்றம் தெரிந்தது. நசுங்கிய லாரி. இன்ஜின் இல்லாத குழி. ஆள் உட்கார இடமில்லாத அந்தக் கேபினுக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கழுத்து தோளுக்குள் மடங்க, முழங்கால் மாரில் இடிக்க. மிஞ்சியிருந்த கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள். அவற்றுக்கு நடுவே திஜானியின் முகம். வாய் அசைந்துகொண்டிருந்தது. விடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. மணல் அவன் மடியில் நிறைந்துகொண்டிருந்தது.

பத்தூல் குனிந்து, நீட்டியிருந்த காலின் செருப்பு வாரை அவிழ்த்தாள்.