கறுப்பு கேமராவில் மட்டும்

காலையில் கொடியில் உலர்த்திவிட்டுப் போன துணிகள் சாயங்காலம் கிணற்றுச் சுவர்மேல் மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதல் நாள் ஜெயப்பிரியா நினைத்தாள். தொட்ட பிறகுதான் கை பின்வாங்கியது. நாள் முழுக்கப் தோலை உரிக்கிற மாதிரி வெயில் அடித்திருந்தும் எல்லாத் துணியும் சொட்டச் சொட்ட ஈரம். புடவை, பாவாடை, கணவன் ஆனந்தனின் லுங்கி, எல்லாம் ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடிக்கப்பட்டிருந்தன. மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை இல்லை. பாசி வாசனை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். கேட்டில் போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது.

அவளுக்குச் சந்தேகம் ஒரே ஆள்மேல்தான். கணவனின் அண்ணன் துரை. பாகம் பிரித்தபோது வீடும் கிணறும் வேண்டாமென்று தானாகவே விட்டுக்கொடுத்து, சவுக்குத் தோப்பை எடுத்துக்கொண்டவர் அவர். இவர்கள் கிணற்றைத் தூர் வாரி மோட்டார் போட்ட நாளிலிருந்து விரோதியாகிவிட்டார். இரண்டு முறை மோட்டார் ஒயரை அறுத்தார். வழியில் முள்ளை வெட்டிப் போட்டார். தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆனந்தன் கன்டெய்னர் லாரியில் போனால் வர இருபது நாள் ஆகும். செய்யூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மூன்று பக்கமும் சவுக்கு சூழ்ந்த அந்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள்.

"கேமரா வச்சிடு. கையும் களவுமா புடிச்சிட்டா அப்புறம் ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்றான் ஆனந்தன் போனில்.

அவள் கணக்கு டீச்சராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அச்சரப்பாக்கத்தில். அங்கேயே பஸ் ஸ்டாப் எதிரில் ஏசுபாதத்தின் கேமராக் கடை. அவர் இரண்டு டப்பாக்களை எடுத்து முன்னால் வைத்தார்.

"இந்த வெள்ளைக் கேமரா பேர் வாங்குன கம்பெனி மேடம். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். கறுப்பு புதுக் கம்பெனி, பேரு யாருக்கும் தெரியாது. ஆனா ஆளு வந்தா தானா கண்டுபுடிச்சி போனுக்கு அடிக்கும்."

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா நாளைக்கு என்னைத் திட்டுவீங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டறேன். ஒரு வாரம் பாருங்க. புடிச்சத வச்சிக்கோங்க, இன்னொண்ண கழட்டிக்கினு வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்து சமையலறைப் பின்சுவரில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டையும் மாட்டினார். இரண்டுக்கும் ஒரே காட்சிதான். சிமென்ட் தளம், குழாய், கொடி, துவைக்கிற கல், கடைசியில் கிணறு.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கறுப்புக் கேமரா. 'ஆள் நடமாட்டம்.' பீரியட் முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து திறந்து பார்த்தாள்.

கிணற்றடியில் ஒரு ஆள் நின்றிருந்தது. முதுகு இந்தப் பக்கம். தலையிலிருந்து முழங்கால் வரை ஈரத்துணி சுற்றியிருந்ததால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. அசைவே இல்லை. அவசரமாக வெள்ளைக் கேமராவைத் திறந்து அதே நேரத்தைத் தேடினாள். கொடியில் அவளுடைய புடவை ஆடிக்கொண்டிருந்தது. கிணற்றடி காலி.

ஏசுபாதத்துக்குப் போன் போட்டாள்.

"புதுக் கம்பெனி இல்லியா மேடம், துணி ஆடுனாக்கூட ஆளுன்னு காட்டும்" என்றார் அவர். "நெட்டு வுட்டு வுட்டு வந்தா வெள்ளைல சில படம் வுட்டும் போவும். ஒரு வாரம் பாருங்க."

செவ்வாய்க்கிழமை அது துவைக்கிற கல்லருகே நின்றது. அப்போதும் முதுகுதான். புதன்கிழமை குழாயடி. ஜெயப்பிரியா மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கிணற்றிலிருந்து வீட்டை நோக்கி வருகிற ஆளின் முகமல்லவா தெரிய வேண்டும்? மூன்றிலும் முதுகு. அப்படியென்றால் அது பின்பக்கமாகவே நடந்து வருகிறது. பயத்தைக் கோபமாக்கிக்கொள்ள அவளுக்குத் தெரியும். துரை மாமாதான், பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, செய்யூர் பஸ் நிலையத்தருகே இருந்த அவருடைய சவுக்குக் கட்டை டிப்போவுக்கு நேராகப் போனாள். துரை கட்டைகளை அளந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னா மாமா, ஆளில்லாத நேரத்துல ஏறிக் குதிச்சி வூட்ல இன்னா வேல?"

"எவன் குதிச்சான்? வாய அளந்து பேசு. டீச்சர்னா பெரிய இதுவா நீ?"

"கேமரால பாத்தேன். ஸ்டேஷன்ல கொடுக்கவா?"

"குடு போ. எவன் வேணாம்னான்?"

அப்போது அவள் கையில் போன் அதிர்ந்தது. ஆள் நடமாட்டம். துரை எதிரில் நின்றுகொண்டிருக்கிறார். அவள் திறந்தாள். சமையலறை வாசற்படியில், கேமராவுக்கு நேர் கீழே, ஈரத்துணி சுற்றிய ஒரு உச்சந்தலை.

போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

துரையின் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது. பார்த்தது போதுமென்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தினி கேமரா கீது?"

"ரெண்டு. வெள்ளைல தெரியல. கறுப்புல மட்டும்தான்."

"வெள்ளைய வச்சிக்கோ. கறுப்பக் கழட்டிப் போடு."

"யாரு மாமா அது?"

"பாக்காம இருக்கற வரிக்கும்தான் அது நம்மள இருக்க வுடும். எங்கப்பன், ஆயி, நாங்கல்லாம் அந்த வூட்ல பாக்காமதான் இருந்தோம். ஆனந்தனுக்கு அப்போ வெவரம் தெரியாத வயசு. கிணத்த நோண்டாதன்னு தலப்பாடா அடிச்சிகினேன், கேட்டீங்களா ரெண்டு பேரும்?" அவர் குரல் உடைந்து மறுபடி முரடாயிற்று. "இனிமே இந்தப் பக்கம் வராத. உன் பின்னாடியே அதுவும் வரும். போ!"

அன்றிரவு செய்யூரில் தோழி கோதை வீட்டில் தங்கினாள். கறுப்புக் கேமரா செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை ஏசுபாதம் வரும்போதுதான் அவருடன் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் ஏணி போட்டு ஏறினார்.

"இதானே மேடம் ஆளப் புடிக்குது? இதப் போயி கழட்டச் சொல்றீங்க?"

"வெள்ளையே போதும்."

அவர் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. சவுக்குத் தோப்பின் இரைச்சலுக்குப் பின்னால் கடல் இரைவது மெல்லக் கேட்டது. வெள்ளைக் கேமராவில் பின்கட்டைப் பார்த்தாள். காலி. போனைக் கையில் வைத்துக்கொண்டே டீ போட்டுக் குடித்தாள். அப்போதும் காலி. பல நாள் கழித்து நெஞ்சில் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. வந்ததும் போட்ட மோட்டாரை வெளிச்சம் இருக்கும்போதே கிணற்றடிக்குப் போய் அணைத்துவிட்டு வந்துவிடலாம் என்று பின்கதவைத் திறந்தாள்.

குழாயடியில் டம்ளரைக் கழுவினாள். தண்ணீர் காலில் தெறித்தது. சூடு இன்னும் ஆறாத சிமென்ட் தளத்தில் நாலடி வைத்தாள். நடுவில் நின்று, கிணற்றைப் பார்க்கத் தைரியமில்லாமல் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

தளம். கல். கொடி. கிணறு.

அவள் இல்லை.

நெட் தாமதம் என்று நினைத்தாள். கையைத் தூக்கினாள். திரையில் எதுவும் அசையவில்லை. மூலையில் நொடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பன்னிரண்டு நாற்பது. நாற்பத்தொன்று. திரையில் ஒரு காகம் வந்து கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து கரைந்தது. அதே நொடியில் அந்தச் சத்தம் அவள் காதிலும் விழுந்தது.

படம் ஓடுகிறது. அவள்தான் இல்லை.

குழாயடியிலிருந்து நாலு ஈரத் தடங்கள் மட்டும் தளத்தின் நடுவில் வந்து நின்றிருந்தன. அவளுடைய கால்கள்.

கிணற்றடியில் ஐந்தாவதாக ஒரு தடம் விழுந்தது.

ஆறாவது.

முதலில் குதிகால். பிறகு விரல்கள். விரல்கள் கிணற்றைப் பார்த்திருந்தன. பின்பக்கமாக வருகிறது. கல்லைத் தாண்டியது. கொடியைத் தாண்டியது. அவசரமில்லை. பாசி வாசனை. காகம் பறந்துவிட்டது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையைத்தான் பார்த்தாள்.

இரண்டு ஜோடித் தடங்கள். குதிகாலோடு குதிகால், முதுகோடு முதுகு. பின்கழுத்தில் ஒரு சொட்டு ஜில்லென்று விழுந்து முதுகுத்தண்டில் இறங்கியது.

திரையில், பின்னாலிருந்த அந்த ஜோடித் தடம் சிமென்டில் ஈரத்தை இழுத்தபடி, மெதுவாக, அவள் பக்கம் திரும்பியது.