செல்லப்பன் கேட்காத கேள்வி

செல்லப்பனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் காருக்குள் இருந்தது. கிளட்ச், பிரேக், கியர், பஞ்சர். அரியலூர் ரயிலடியில் வாடகைக் கார் ஓட்ட அது போதுமாகவும் இருந்தது, போன வாரம் வரைக்கும்.

போன வாரம்தான் கார் முதலாளி அமிர்தலிங்கம் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ரயில்ல ஒரு வெள்ளைக்காரம்மா வருது. இனிமே இப்படி ஆளுங்க அடிக்கடி வருவாங்களாம். நீ இங்கிலீஷ்ல பேசி ஏத்திக்கிட்டா கார் உன்கிட்ட இருக்கும். இல்லேன்னா சாவி ராசாங்கத்துக்கு."

ராசாங்கமும் டிரைவர்தான். ஓட்ட ஒரு கார் கிடைக்காமல் ரயிலடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். பத்தாவது வரை படித்தவர்.

செல்லப்பன் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் மகள் கொளஞ்சி. ஆறாம் வகுப்பு. தெரிந்ததும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லிக் கொடுத்தாள். 'குட் மார்னிங் மேடம்' வந்தது. 'ப்ளீஸ் சிட்' வந்தது.

"அடுத்தது, வேர் ஆர் யூ கோயிங்?"

"அப்படின்னா?"

"எங்க போறீங்கன்னு அர்த்தம்ப்பா."

கார் துடைத்துக்கொண்டிருந்த துணியைச் செல்லப்பன் கீழே போட்டார். "பொறப்படுற ஆளைப் பார்த்து அதைக் கேக்கலாமா? போற காரியம் வெளங்குமா?"

அந்தப் பக்கத்தில் அப்படித்தான். கிளம்பும்போது யாராவது 'எங்கே' என்று கேட்டுவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி கிளம்புவார்கள்.

"டாக்ஸி ஓட்டுற நீங்களே கேக்கலேன்னா எப்படிப்பா?"

"'எவ்வளவு தூரம்ங்க'ன்னு கேப்பேன். அவங்களே ஊரைச் சொல்லிடுவாங்க."

"வெள்ளைக்காரங்களுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் கிடையாது."

"என் காருக்கு உண்டு."

கொளஞ்சி 'ஹவ் ஃபார்' என்று மாற்றிக் கொடுத்தாள். ஆனாலும் வாரம் முழுக்க அந்தப் பழைய கேள்வியையும் விடாமல் சொல்லிப் பார்த்தாள். அது அவர் காதில் நன்றாக ஏறியது. வாயில் மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயில் வந்தது. பெரிய தொப்பியும் தோளில் கனத்த பையுமாக ஓர் அம்மாள் இறங்கி வெளியே வந்தார். ஒரு பக்கம் அமிர்தலிங்கம், ஒரு பக்கம் ராசாங்கம். கொளஞ்சி காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"குட் மார்னிங் மேடம். ப்ளீஸ் சிட்," என்றார் செல்லப்பன். அந்த அம்மாள் சிரித்தபடி ஏறி உட்கார்ந்தார்.

"ஹவ் ஃபார், மேடம்?"

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. ஊருக்கே புதிது. தூரம் அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு கைகளையும் விரித்தார்.

செல்லப்பன் இன்னும் சத்தமாக, "ஹவ் ஃபார்?" என்றார். சத்தத்தால் ஒன்றும் ஆகவில்லை.

"சாவியைக் குடு, செல்லப்பா," என்று அமிர்தலிங்கம் கையை நீட்டினார்.

கொளஞ்சி தானே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்டாலும் சாவி போய்விடும். பேச வேண்டியது அப்பா. அவள் பார்வை அந்த அம்மாள் மடியில் இருந்த பையில் நின்றது. வகுப்பில் வீட்டுப்பாடத்தைக் கேட்கும்போது டீச்சர் சொல்வது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அப்பா, ஷோ மீ சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள். "காட்டுங்கன்னு அர்த்தம்."

"ப்ளீஸ் ஷோ மீ, மேடம்."

அந்த அம்மாள் பையைத் திறந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார். சிப்பி ஒன்று அப்படியே கல்லாகிப் போயிருந்தது.

"அட, இது காரைங்கிற ஊரு ஓடைக் கல்லு," என்றார் செல்லப்பன்.

"எஸ், எஸ். காரை," என்று அந்த அம்மாள் வேகமாகத் தலையாட்டினார்.

அமிர்தலிங்கம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். செல்லப்பன் ஏறி உட்கார்ந்தார். கார் உறுமியது. அந்த அம்மாள் எதற்கும் உறுதி செய்துகொள்ள முன்னால் குனிந்து கேட்டார்.

"வேர் ஆர் வீ கோயிங்?"

செல்லப்பன் என்ஜினை நிறுத்தினார். இறங்கினார். ரயிலடிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இவனுக்கு என்னய்யா ஆச்சு?" என்றார் அமிர்தலிங்கம்.

"இங்கிலீஷ் புரிஞ்சிருச்சு," என்றாள் கொளஞ்சி.

அவள் தண்ணீர் தேடி ஓடுவதற்குள் ராசாங்கம் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு வந்தார். அவரும் டிரைவர்தானே. "குடிங்கண்ணே. குடிச்சுட்டுப் பொறப்படுங்க."

செல்லப்பன் குடித்தார். காரணம் எதுவும் தெரியாமல் அந்த அம்மாளும் இறங்கி வந்து, சொம்பை வாங்கி அண்ணாந்து குடிக்கப் பார்த்தார். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

பிறகு காரைக்குக் கார் கிளம்பியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.