கழித்தது போக

உணவகத்துச் சுவரில் தொங்கிய தரப்பலகையில் அன்றைக்கும் பிரிசில்லாவின் பெயர்தான் முதலில் மின்னியது. நறுமுகை இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். இறங்கவில்லை.

இரண்டாம் இடம் ஒன்றும் இளப்பமானதில்லை. தாமிரபரணிக் கரையில் இருந்த அந்த மனநல மருத்துவமனையில் பயிற்சிக்கு இடம் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் பயிற்சி முடிந்ததும் பணியில் வைத்துக்கொள்ளப்போவது ஒருவரைத்தான். முதலிடம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது இரண்டாமிடத்தில் இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பிரிசில்லா நாலு மேசை தள்ளி உட்கார்ந்து காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊதுகிற விதம்கூட நறுமுகைக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடுதான் எழுந்து கைகழுவிவிட்டு வெற்றறைக்குப் போனாள்.

உணர்கடத்தி வந்த பிறகு மனநல மருத்துவர்கள் நோயாளியிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டால் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். மீதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. இப்போது நோயாளியின் நெற்றியில் ஒரு பட்டை, மருத்துவரின் நெற்றியில் ஒரு பட்டை, அவ்வளவுதான். அவர் நெஞ்சில் ஓடுவது இவர் நெஞ்சிலும் ஓடும். இதற்கு வாசிப்பு என்று பெயர். வாசித்து முடித்ததும் மருத்துவர் தான் உணர்ந்ததைச் சொல்வார். அந்தரங்கம் கருதிக் கருவி எதையும் பதிந்து வைப்பதில்லை. மருத்துவர் சொல்வதுதான் சாட்சி.

இதில் ஒரே ஒரு சிக்கல், மருத்துவரும் மனிதர் என்பது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் அந்தக் கோபத்தை நோயாளியின் தலையில் கட்டிவிடக் கூடாதல்லவா? அதற்காகத்தான் வெற்றறை. வாசிப்புக்கு முன்னால் அங்கே தனியாக உட்கார வேண்டும். யாரோடும் பேசக் கூடாது, நோயாளியின் வீட்டாரோடு பேசவே கூடாது. கருவி மருத்துவரின் அப்போதைய மனத்தை அளந்துகொள்ளும். அந்த அளவுக்குத் தன்னளவு என்று பெயர். பிறகு நோயாளியிடமிருந்து வருவதில் தன்னளவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மருத்துவருக்குத் தரும். மிச்சம் முழுக்க நோயாளியுடையது. கழித்தலைக் கண்டுபிடித்த தனுஷ்கோடி என்ற மருத்துவரின் படம் வெற்றறைச் சுவரில், நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது.

நறுமுகை தன்னளவு எடுத்துக்கொண்டு வாசிப்பறைக்குப் போனபோது சுடலைமணி என்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தென்காசிப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். தூக்கமில்லை, சாப்பாடில்லை என்று சேர்த்திருந்தார்கள். அவர் மனைவி செல்வி கதவோரம் நின்றாள்.

"டாக்டரம்மா, நான் ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் செல்வி.

"வாசிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டு ஆள் பேசக் கூடாதுக்கா. வெளிய இருங்க."

"இல்ல, ஒரே ஒரு வார்த்தை."

"அக்கா, தயவுசெஞ்சு."

செல்வி போனாள். சுடலைமணி நிமிர்ந்து பார்த்தார். "நானாவது ஏதாச்சும் சொல்லணுமா?"

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. எனக்கே வந்துரும்."

வந்தது. உடம்பெல்லாம் அசதி. வறண்ட வாய். படபடவென்று நெஞ்சு. கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் தூக்கமின்மை. அவ்வளவுதான். நறுமுகை இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வேறொன்றும் வரவில்லை. மெல்லிய மனச்சோர்வு, மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று தீர்மானித்தாள்.

ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது வாசிப்பு பிரிசில்லாவுடையது. சாயங்காலம் பேராசிரியர் சங்கரலிங்கத்தின் முன்னால் இருவரும் முடிவைச் சொன்னார்கள். பிரிசில்லாவின் முகம் வெளிறியிருந்தது.

"சந்தேகம் சார். பொண்டாட்டி மேல. அவ யாரையோ பாக்கா, யாரையோ நினைக்கான்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அவரை வீட்டுக்கு விட்டா அந்தம்மாவைக் கொன்னுருவாரு."

நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. முதலிடத்தைத் தக்கவைத்துக்கொள்ள என்னவெல்லாம் சொல்கிறாள்! "எனக்கு அப்படி ஒண்ணுமே வரல சார்" என்றாள்.

இருவரும் முரண்பட்டால் பேராசிரியர் வாசிப்பார். சங்கரலிங்கம் வெற்றறையில் உட்கார்ந்துவிட்டு, சுடலைமணியை வாசித்துவிட்டு, பட்டையைக் கழற்றியபடியே வந்தார். "அசதிதான். வேற ஒண்ணும் இல்லை. பிரிசில்லா, நீ கொஞ்சம் கதை படிக்கிறதைக் குறைச்சுக்கணும்."

இரண்டுக்கு ஒன்று. பிரிசில்லாவின் மதிப்பெண் சரிந்தது. மறுநாள் காலை தரப்பலகையில் நறுமுகையின் பெயர் முதலில் மின்னியது. அவள் இட்லிக்கு மேல் இரண்டு வடையும் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். காப்பியை ஊதிக் குடிக்கிற பிரிசில்லாவைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது.

வாரக் கடைசியில், வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய வாசிப்புக்காக அவள் மறுபடியும் சுடலைமணியின் எதிரே உட்கார்ந்தாள். பட்டையை ஒட்டினாள். அடுத்த நொடி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் எங்கே? வெளியே யாரோடு நிற்கிறாள்? அந்த ஊழியன் ஏன் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்? அடிவயிற்றிலிருந்து தொண்டை வரை எரிந்தது. எனக்குக் கிடைக்காதது வேறு எவனுக்கும் கிடைக்கக் கூடாது. அவளே இல்லாவிட்டால் யாருக்கும் கிடைக்காது. அந்த எண்ணம் வந்ததும் எரிச்சல் அடங்கி ஒரு நிம்மதி படர்ந்தது. அந்த நிம்மதிதான் நறுமுகையை நடுங்க வைத்தது. பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

சுடலைமணி அமைதியாகக் கேட்டார்: "நாளைக்கு வீட்டுக்குப் போலாம்லா டாக்டர்?"

அவள் நேரே பேராசிரியரின் அறைக்கு ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "இந்த ஆஸ்பத்திரியில சந்தேக நோயைக் கண்டு எத்தனையோ வருஷமாச்சும்மா. உணர்கடத்தி வந்தப்புறம் ஒருத்தருக்கும் இல்லை. அது ஒழிஞ்சுபோன நோய். சரி, உன் திருப்திக்கு பிரிசில்லாவை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுவோம்."

பிரிசில்லா வாசித்தாள். வெளியே வந்து, நறுமுகையைப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னைக்கு ஒண்ணும் இல்லை சார். அசதி மட்டும்தான். அன்னைக்கு நான்தான் தப்பா வாசிச்சிருக்கேன்."

அப்போதுதான் நறுமுகைக்குப் பொறி தட்டியது. முதல் வாசிப்பின்போது வெற்றறையில் உட்கார்ந்த தன் நெஞ்சில் என்ன இருந்தது? பிரிசில்லாவின் பெயர் இருந்தது. கருவி அந்தப் பொறாமையை ஒழுங்காக அளந்து, சுடலைமணியின் சந்தேகத்துக்கு அடியில் எரிந்த பொறாமையிலிருந்து ஒழுங்காகக் கழித்துவிட்டது. முதலிடம் கிடைத்து நெஞ்சு காலியான பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. இப்போது அந்தப் பாரம் பிரிசில்லாவுக்கு மாறியிருக்கிறது.

அதைத் தயங்கித் தயங்கிப் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப எனக்கும் பொறாமைன்னு சொல்லுதியா? யார் மேல?"

நறுமுகையின் கண் வெற்றறைப் பக்கம் போய் வந்தது. கழித்தலைக் கண்டுபிடித்த தனுஷ்கோடி, சங்கரலிங்கத்தோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவர் என்பது மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரியும். கல்லூரியில் முதல் மாணவர் சங்கரலிங்கம்தான் என்பதும் தெரியும், ஏனென்றால் அவரே அதை எல்லா வகுப்பிலும் சொல்வார்.

"நாளைக்கு மத்தியானம் அவரை அனுப்புதோம்" என்றார் பேராசிரியர். "நிறுத்தி வைக்கணும்னா ஒரே நாள்ல ரெண்டு வாசிப்பு ஒத்து வரணும். விதி அதுதான்."

நறுமுகை பிரிசில்லாவைப் படிக்கட்டில் பிடித்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னது சரி. இன்னைக்கு உனக்கு ஏன் வரல தெரியுமா? என்மேல பொறாமை உனக்கு."

"யாருக்கு? எனக்கா?" பிரிசில்லாவின் குரல் உயர்ந்தது. "முதலிடம் வந்ததும் உனக்கு வாய் எவ்வளவு நீளுது பாரு! இத்தனை மாசம் நான் மேல இருந்தேன். ஒரு நாளாவது உன்கிட்ட இப்படிப் பேசினேனா?"

"நான் உன்மேல பொறாமைப்பட்டேன்ட்டி! அதனாலதான் எனக்கு அன்னைக்கு ஒண்ணும் வரல. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். நீ காப்பி குடிக்கதைப் பாத்தாக்கூட எரிஞ்சுது. அந்த அக்கா செத்துப்போவா, பிரிசில்லா. நீ அன்னைக்கு உணர்ந்ததைத்தான் நானும் உணர்ந்தேன். கடைசியில ஒரு நிம்மதி வந்துச்சுல்லா?"

பிரிசில்லா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "வந்துச்சு" என்றாள் மெதுவாக. "அதை நான் யார்கிட்டயும் சொல்லல."

அன்று சாயங்காலமே நறுமுகை தன் முதல் வாசிப்பைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தாள். வாசிப்பைத் திரும்பப் பெறுவது அந்த மருத்துவமனையில் பெரிய அவமானம். அவளுடைய மதிப்பெண் பாதியாகியது. தரப்பலகையில் பிரிசில்லாவின் பெயர் பழையபடி மேலே ஏறியது. இனி அவளுக்குப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. தானே விட்டுக்கொடுத்ததால் தனக்கும் ஒன்றுமில்லை என்று நறுமுகை நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் காலை பேராசிரியர் வேண்டாவெறுப்பாக இரண்டு வாசிப்புக்கும் அனுமதித்தார். பிரிசில்லா முதலில் போய் வந்தாள். வாசித்தவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பதால் அடுத்த அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். நறுமுகை வெற்றறையில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். மனம் தெளிவாக இருப்பதாகத்தான் பட்டது. பிறகு சுடலைமணியின் எதிரே போய்ப் பட்டையை ஒட்டினாள்.

அசதி வந்தது. வறண்ட வாய் வந்தது. படபடப்பு வந்தது.

அவள் காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. எதிரே இருந்தவர் சாந்தமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். தனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அதை ஒத்துக்கொண்டபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. விட்டுக்கொடுத்தாளாம்! நேற்றுப் பலகையில் அந்தப் பெயர் ஏறியபோது மனசு என்ன பாடுபட்டது என்று அவளுக்கே தெரியாமல்போய்விட்டது. கருவிக்குத் தெரிந்திருக்கிறது.

பேராசிரியர் கதவருகே நின்றார். "என்னம்மா?"

நறுமுகை தன் வாழ்க்கையில் முதல்முறையாக, உணராத ஒன்றை உணர்ந்ததாகச் சொன்னாள். நேற்றைய எரிச்சலை, அந்த நாற்காலியை, கடைசியில் வந்த நிம்மதியை, ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்து ஒப்பித்தாள். குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது.

பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பிரிசில்லாவும் இதையேதான் சொன்னா. கடைசி நிம்மதி வரைக்கும்." பெருமூச்சு விட்டுக்கொண்டு சுடலைமணியை நிறுத்தி வைக்க உத்தரவு போட்டார். இரண்டு காவலர்கள் வந்து அவரை மூடிய பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் திரும்பித் தன் மனைவி யாருக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று ஒருமுறை பார்த்தார்.

செல்வி அவர் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"கடைக்குப் போகும்போது என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாரு டாக்டரம்மா. போன மாசம் கழுத்தைப் பிடிச்சிட்டாரு. பக்கத்து வீட்ல கதவை உடைச்சு வந்தாங்க. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். நீங்க வெளிய இருக்கச் சொல்லிட்டிய."

நறுமுகை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மருத்துவமனையில் ஒரு மருத்துவர் நோயாளியின் வீட்டாரோடு தரையில் உட்கார்ந்து பேசியதை அன்றுதான் ஊழியர்கள் பார்த்தார்கள்.

செல்வியை அனுப்பிவிட்டு நடைக்கூடத்துக்கு வந்தபோது பிரிசில்லா சன்னலோரம் நின்றிருந்தாள். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன், யார்கிட்டயும் சொல்லிராத. எனக்கு இன்னைக்கும் எதுவும் வரல."

"என்னது?"

"நேத்து ராத்திரி விடுதியில எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேச்சு. எவ்வளவு பெரிய மனசு, ஒரு உசுருக்காக முதலிடத்தையே விட்டுட்டான்னு. எனக்கு வயிறு எரிஞ்சிட்டு. அங்க போய் உக்காந்தா வெறும் அசதி. நீ உண்மையிலேயே உணர்ந்திருப்பேன்னு நம்பி, அன்னைக்கு வந்ததை அப்படியே சார்கிட்ட சொல்லிட்டேன்." அவள் நறுமுகையின் முகத்தைத் தேடினாள். "நீ உணர்ந்தல்லா?"

நறுமுகை சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்த வளாகத்தில் ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு பேர் சத்தியம் செய்திருக்கிறார்கள். இரண்டுமே பொய். நோய் மட்டும் மெய். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் வேறொரு நினைப்பு முந்திக்கொண்டது. தனக்கு இரண்டு இடத்தில் குரல் தடுக்கியதே, இவளுக்குத் தடுக்கியிருக்குமா?

"சார் உன்கிட்ட ஏதாச்சும் திருப்பிக் கேட்டாரா?" என்றாள்.

"இல்லையே. உடனே நம்பிட்டாரு. ஏன்?"

பொய்யைக்கூட இவள் தன்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாள். நறுமுகைக்கு அடிவயிற்றிலிருந்து தொண்டை வரை எரிந்தது.