பட்டாம்பூச்சி எத்தனாம் பக்கம்?

வைகுண்டராஜிடம் கிருபாபாய் பேசி நாற்பத்தேழு மணி நேரம் ஆகிறது. நாளை அவன் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போகிறான்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு மழை நாள்... ராஜபாளையத்து ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குத் தாமதமாக வந்தவர்கள் இரண்டே பேர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நனைந்து வந்த அவள், பேண்டேஜ் மில்லிலிருந்து சைக்கிளில் நனைந்து வந்த அவன். ஈர இமைகளோடு அவன் சிரித்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஜோடி," என்றார் கண்ணுச்சாமி சார். அந்த வகுப்பின் வழக்கம் அது. ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி. வலியோ பயமோ, இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும்.

"கால் மரத்துப்போனா பின்ஸ் அண்ட் நீடில்ஸாம். நமக்கு எறும்பு ஊருது, அவியளுக்கு ஊசி குத்துது பாருங்க," என்பான் அவன்.

"புல்லரிச்சா கூஸ் ஸ்கின், வாத்துத்தோலாம்," என்பாள் அவள், சிரிப்பை நோட்டால் மறைத்துக்கொண்டு.

தமிழில் சொல்லக் கூச்சப்பட்டதெல்லாம் இங்கிலீஷில் வந்தது. கெமிஸ்ட்ரி லேபில் கையுறை போட்டுக்கொண்டு அமிலம் எடுப்பதுபோல...

இந்தத் திங்கட்கிழமை அவன் டாக்டர். "வாட் இஸ் யுவர் ட்ரபிள்?"

"வென் யூ கம் லேட்... ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்."

அவன் தாமதமாக வந்தால் அவள் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன. சொல்லிவிட்டாள்.

அவன் கைதட்டினான். "எம்புட்டு அழகா மனப்பாடம் பண்ணிருக்கீங்க."

கிருபாபாய் நோட்டை மூடினாள். மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை.

புதன்கிழமை, அவனுக்குக் கடைசி வகுப்பு. மனசு கேட்காமல் கிளம்பி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் மழை. மழைக்கு நடுவே அவன்.

"நாலு பஸ் பாத்துட்டேன். நேத்து ஏன் வரல?"

அவள் குடையை விரித்தாள்.

"பேச வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது எத்தனாம் பக்கம்?"

"எது?"

"பட்டாம்பூச்சி. வகுப்புப் புத்தகத்தை ரெண்டு தடவை புரட்டிட்டேன். பரீட்சைக்கு முன்னால வரும்னு போட்டிருக்கு. ஆள் லேட்டா வந்தா வரும்னு எங்கயும் இல்ல."

"எதுக்குத் தேடுனீங்க?"

"மூணு மாசமா எனக்கும் அதே நோவு..." குரல் இறங்கியது. "உங்களுக்கும் இருக்கான்னு தெரியாம எப்படிப் போவேன்?"

அவள் இங்கிலீஷைத் தேடினாள். ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. பஸ் கிளம்பிப் போனது. குடைக்குள் அவனுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.

"அது பாடம் இல்லைங்க," என்றாள் தமிழில். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."